பத்து விநாடி விதி

மார்ச் 4
இன்று கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது: "அந்த ஒரு வரியை மட்டும் எடுக்காதீங்க சார்."

கார் பந்தய விதிகளை மாற்றும்போது ரசிகர்களையும் கேட்க வேண்டும் என்று சங்கத்தில் இரண்டு வருடமாக மல்லுக்கட்டியவள் நான்தான். வெயிலில் காய்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வாக்குகூடக் கிடையாதா? ஒருவழியாகச் சம்மதித்தார்கள். முதல் கேள்வி: டயர் மாற்ற வரும் கார் குறைந்தது பத்து விநாடி நிற்க வேண்டும் என்ற விதி தேவையா? அதன் கீழே ஒரு வரி எழுதியிருந்தேன் — டயர் மாற்றுபவர்கள் விலகிக்கொள்ள நேரம் வேண்டும் என்று வந்த விதி இது. செயலாளர் அடித்துவிட்டார். கேள்வி நீண்டால் எவனும் படிக்க மாட்டானாம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அண்ணன் டயர் மாற்றுகிறவன். பின்பக்கம், வலது சக்கரம்.

மார்ச் 9
அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். அவனே ஒரு ரசிகனாக 'தேவையில்லை' என்றுதான் வாக்களித்திருக்கிறான். "மூணு விநாடில வேலை முடிஞ்சிடுது. மிச்ச ஏழு விநாடி பராக்குப் பாத்துட்டு நிக்கிறோம். அசிங்கமா இருக்கு."
வீட்டில் ஒரு பல்பு மாற்ற இவருக்கு மூன்று மாதம் ஆகிறது என்றாள் அண்ணி.

மார்ச் 21
எண்பத்திரண்டு சதவீதம் 'தேவையில்லை'. செயலாளர் கை கொடுத்துப் பாராட்டினார். நன்றி சார் என்றேன்.

மார்ச் 29
பயிற்சி பார்க்கப் போனேன். நான்கு சக்கரக்காரர்களும் கை தூக்கிய பிறகுதான் கார் கிளம்பப் பச்சை விளக்கு. இன்று மூன்று கை தெரிந்ததுமே போட்டுவிட்டார்கள். அண்ணன் பக்கவாட்டில் உருண்டு தப்பினான். எழுந்து கட்டைவிரலைக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.

ஏன்டி தட்டின? உனக்குத் தெரியும்ல?

ஏப்ரல் 2
ரசிகர்களிடம் காரணத்தை மறைத்துத்தான் வாக்குக் கேட்டோம், மறுபடி நடத்த வேண்டும் — செயலாளருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அனுப்பவில்லை. அனுப்பினால் இனி ரசிகர்களை எதற்குமே கேட்க மாட்டார்கள். முதல் பந்தயம் முடியட்டும்.

ஏப்ரல் 12
நாளை.

ஏப்ரல் 17
ஞாயிற்றுக்கிழமை, இருபத்தாறாவது சுற்றில், அண்ணனின் கை சக்கரத்தில் இருக்கும்போதே கார் கிளம்பி அவன் கால்மேல் ஏறியது. நேற்று வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பத்து விநாடி விதி இன்று காலை மறுபடி அமலுக்கு வந்தது. யாரையும் கேட்கவில்லை.