நான் பிடித்துக்கொண்டு நின்ற படம்

அக்கா,

எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிற நர்ஸ் பெண் இன்று காலை ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். அவளே வரைந்ததாம், அக்ரிலிக் பெயின்ட்டாம். காய்ந்த பிறகும் அந்த மணம் போகவில்லை. "ஆயா, இத்த கொஞ்சம் நேரா புடிச்சிக்கினு நில்லுங்க. போட்டோ எடுத்து இன்டர்நெட்ல போடணும்" என்றாள். "வேற ஆளப் பாரு" என்று கதவைச் சாத்திவிட்டேன். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. உனக்குத் தெரியும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். செத்தவளுக்கு எழுதினால் பதில் வராது என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது மட்டும் எனக்கு என்ன பதில் சொல்லிக் கிழித்தாய்?

நம் அப்பா ஒரு பெண்ணைத்தான் படிக்கவைக்க முடியும் என்றார். நீ டீச்சர் ஆனாய். நான் அஞ்சாவதோடு நின்று, தோல் பதனிடுகிற டேனரிக்கு வேலைக்குப் போனேன். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த ஈரத்தோலைத் தலையில் வைத்தால், தண்ணீர் காதோரமாக வழிந்து ரவிக்கைக்குள் இறங்கும். உச்சி முடி எனக்கு இள வயதிலேயே போய்விட்டது. மாதா கோயிலில் முக்காடு போட்டு உட்காருவேன். நீ என் பக்கத்தில் உட்காரமாட்டாய். நாத்தமாம்.

அதனால்தான் என் செல்வியை டேனரி வாசலைத் தாண்ட விடவில்லை. ஒருநாள் நான் மறந்துவிட்டு வந்த சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். கேட்டுக்குள் ஒரு கால்தான் வைத்தாள். அத்தனை பேர் எதிரிலும் கத்தினேன். "வெளிய நில்லுடி! உள்ள வந்தே, கால ஒடிச்சிடுவேன்!" தூக்கைக் கேட்டிலேயே மாட்டிவிட்டு அழுதுகொண்டே போனாள். அதற்கப்புறம் அந்தத் தெருப்பக்கமே வந்ததில்லை. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணினாள். வேலூரில் ஒரு ஆபீசில் வரச்சொல்லியிருந்தார்கள். புதுச் செருப்புகூட வாங்கியாயிற்று. அதற்குள் மஞ்சள் காமாலை வந்து கொண்டுபோய்விட்டது. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வேதம் வாசித்தவளே நீதானே.

சில வருஷம் கழித்து நீ ரிடையர் ஆனாய். பொழுது போகாமல் பெயின்ட் டியூப்களை வாங்கி அடுக்கினாய். பள்ளிகொண்டா கோபுரம், அமிர்தி அருவி, வாழைப்பழத் தட்டு என்று வரைந்து தள்ளினாய். அமெரிக்காவிலிருந்து உன் பிள்ளை டிஜிட்டல் கேமரா அனுப்பினான். எல்லாவற்றையும் படம் பிடித்து, பஜாரில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போய் இன்டர்நெட்டில் ஏற்றினாய். ஒரு ஈ காக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருநாள் வீட்டுக்கு வந்து, "செல்வி போட்டோ ஒண்ணு குடுடி, வரையறேன்" என்றாய். வேலூர்க் கோட்டை அகழி ஓரம் எடுத்த படம். தெற்றுப்பல் தெரியச் சிரிப்பாள். கொடுத்தேன். சந்தோஷத்தில் மட்டன் வாங்கி உனக்கு ஆக்கிப் போட்டேன். அந்தக் கறியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

படம் முடிந்ததும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாய். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழல். "வெயில்ல வச்சா பெயின்ட் பளபளன்னு அடிக்குது. ஃபிளாஷ் போட்டாலும் அடிக்குது. ஸ்டாண்டுல வச்சா காத்துல சாயுது. நீதான் பின்னால நின்னு புடிச்சிக்கணும்" என்றாய். போர்வை சுற்றிய படத்தை முதுகுப்புறமாக என் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் போய்ப் போர்வையை எடுத்தாய்.

"நான் ஒரு தடவ பாத்துடறேனே அக்கா."

"முன்னால வராதடி, உன் நிழல் உழும். பிரேம் போட்டப்புறம் ஆற அமரப் பாரு."

அப்புறம் வாத்தியாரம்மா அதட்டல். "ஏத்திப் புடி. பாடை மாதிரி சாயுது பாரு. விரல மடக்கு, கறை புடிச்ச நகம் படத்துல வருது." நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன். என் மூக்குக்கு நேரே வெள்ளைத் துணியும் ஆணியும். அந்தப் பக்கம் என் பெண் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். துணியின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டேன். நீ கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் நீயே பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப்போனாய். முகமெல்லாம் பல். "ஊரு ஒலகத்துலேர்ந்து எழுதறாங்கடி" என்று திரையைக் காட்டினாய்.

என் செல்வியின் தலையில் ஈரத்தோல்.

நெற்றிவரை தொங்குகிறது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கிழிந்த ரவிக்கை. சிரித்த வாயை மூடிவிட்டாய், தெற்றுப்பல் இல்லை. நிறத்தையும் நாலு மடங்கு கறுப்பாக்கிவிட்டாய். கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. நீயே படித்துச் சொன்னாய், "தோல் சுமக்கும் பெண்" என்று.

"இன்னாக்கா இது?"

"கலைடி."

"எம் பொண்ணு என்னிக்கி தோல் தூக்கினா?"

"இது உம் பொண்ணு இல்ல. ஒரு சிம்பல். உனக்குப் புரியாது."

"சிம்பலுக்கு அவ மூக்கு எதுக்கு? தூக்கினவ நானு. என்ன வரையறது!"

நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். சொன்னாய் அக்கா, எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "உன் மூஞ்ச எவன் பாப்பான்? சின்னப் பொண்ணு செமந்தாத்தான் வெள்ளக்காரனுக்குக் கண்ணுல தண்ணி வரும்." பக்கத்து சீட்டில் இருந்தவன் சிரித்தான். நீயும் சிரித்தாய்.

இன்டர்நெட்டிலிருந்து எடுத்துவிடு என்று எத்தனை முறை வந்து நின்றேன். கோயில் வாசலில் கேட்டேன். கிறிஸ்துமஸ் அன்று உன் வீட்டுக் கேக்கைத் தொடாமல் கேட்டேன். "நூத்துக்கணக்குல பாத்துட்டாங்க, இப்ப போய் எடுக்கறதா? பேஜார் பண்ணாத" என்றாய். போட்டோவையாவது கொடு என்றேன். கொடுத்தாய். பார்த்துப் பெரிதாக வரைய வசதியாம், என் பிள்ளை முகத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பால்பாயின்ட் பேனாவில் கட்டம் போட்டிருந்தாய். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்கிறவள் மாதிரி இருந்தாள்.

பிறகு உனக்குப் பக்கவாதம் வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. உன் பிள்ளை வருவதற்குள் கஞ்சி ஊட்ட நான்தான் இருந்தேன். ஊர் என்னைப் புகழ்ந்தது. ஒவ்வொரு கரண்டிக்கும் நான் உன்னிடம் என்ன கேட்டேன் என்று ஊருக்குத் தெரியாது. "எடுக்கறியா? பாஸ்வேர்டச் சொல்றியா?" கஞ்சி உன் கழுத்தில் வழியும். துடைப்பேன், மறுபடி கேட்பேன். கடைசி நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வாயைக் கோணினாய். கண்ணில் தண்ணீர். மன்னிப்புக் கேட்டாயோ என்னவோ. அது எனக்கு எதற்கு? பாஸ்வேர்டைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அடக்கம் முடிந்ததும் உன் பிள்ளை, "பாஸ்வேர்ட் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும் சின்னம்மா. இனிமே எடுக்க முடியாது" என்றான். இன்டர்நெட் முழுக்க உன் புகழ் நிலைக்கும் என்று அவனுக்குப் பெருமை. நீ வரைந்த படத்தை வேண்டுமானால் நானே வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றான். வீட்டில் வைத்துக் கத்தியை எடுத்தேன். தோலை மட்டும் அறுத்து எடுத்தால் போதும் என்று பார்த்தேன். அறுத்தால் கூடவே அவள் தலையும் போகும். புருவத்துக்கு மேலே நீ அவளுக்கென்று ஒன்றுமே வரைந்திருக்கவில்லை. படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு பேருக்கும் போவேன், பக்கத்தில் பக்கத்தில்தானே படுத்திருக்கிறீர்கள். செல்வி கல்லறைக்குச் சாமந்தி மாலை, மெழுகுவர்த்தி. உன்னுடையதில் புல் முளைத்திருக்கிறது. பிடுங்குவதில்லை. "அம்மா கல்லறைய போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று உன் பிள்ளை போனில் கெஞ்சுகிறான். வெயில் அடிக்கிறது, சரியாக வராது என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது. டேனரியை விட்டு வந்து வருஷக்கணக்காகிறது. நான் என் பாரத்தை அங்கேயே இறக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன் அக்கா. நான் கேட்டோடு துரத்தியனுப்பிய என் பெண்ணை நீ உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டாய். யாரோ எவரோ எந்த ஊரிலிருந்தோ அந்தப் படத்தைத் திறந்து பார்க்கும்போதெல்லாம், அவள் காதோரம் அந்தத் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருக்கிறது. வெளியே வாடி என்று கூப்பிட எனக்கு வழியில்லை.