சோபாவிலிருந்து ஒரு டெலிமார்க்

அன்பு மகள் யும்னாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் நலம், என் இடது முட்டி மட்டும் நலமில்லை. நார்வே குளிரில் நீ நலமா? போனில் பேசினால் உம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால் எழுதுகிறேன்.

வருகிற சனிக்கிழமை போட்டியில் பெரிய மேட்டிலிருந்து பனிச்சறுக்குப் பலகையோடு தாண்டட்டுமா என்று நீ கேட்டாய், நானும் யோசிக்காமல் சரி என்றேன், அன்றிலிருந்து உம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில், "சரின்னு சொல்ற மனுஷன் முதல்ல தாண்டிக் காட்டட்டும்" என்றாள். நம் சிங்கப்பூரில் மேடு என்றால் புக்கிட் தீமா குன்று, பனி என்றால் கிண்ணத்தில் சீவித் தரும் ஐஸ் கச்சாங், நான் எங்கே போவேன், சோபா மேல் ஏறினேன். ஒரு காலை முன்னே வைத்துக் கையை விரித்து இறங்குவதுதான் டெலிமார்க், அதற்குத்தான் நடுவர்கள் மார்க் தருவார்கள் என்று சொல்லியிருந்தாயே. நான் முதலில் அது கிரெடிட் கார்டு வாங்கச் சொல்லி போன் செய்கிற கூட்டம் என்றல்லவா நினைத்தேன். கை நன்றாகத்தான் விரிந்தது, கால்தான் விறைத்துப்போய்த் தரையில் குத்தியது, முட்டி உள்பக்கம் மடங்கியது. கீழ்வீட்டுக்காரர் இடி இடிக்கிறது என்று காயப்போட்ட துணியை எடுக்க ஓடினாராம்.

தேக்கா பக்கத்துக் கிளினிக்கில் முட்டிக்குப் பயிற்சி கொடுக்கிற பவித்ரா என்ற பிள்ளை எப்படி அடிபட்டது என்று கேட்டது. ஸ்கீ ஜம்பிங் என்றேன். "சிங்கப்பூர்லயா அங்கிள்?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை மறைக்க என் செருப்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் பொறுமையாக விளக்கியது. காலை விறைத்து இறங்கினால் அடி முழுவதும் முட்டிக்குள் இருக்கும் தசைநாரில் போய் விழுமாம், இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் சேர்ந்து மடங்கினால் அடி பங்கு பிரியுமாம், முட்டி உள்ளே சாயவே கூடாதாம். சரிவில் இறங்கினால் வேகம் சரிவோடு வழிந்துவிடும், அதையும் தாண்டிச் சமதரைப் பக்கம் போய் விழுந்தால்தான் ஆபத்து. அதாவது, ரொம்ப நன்றாகத் தாண்டுகிறவருக்குத்தான் பெரிய அடி. உம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து போனில் பனிமேட்டிலிருந்து தாண்டுகிறவர்களின் படம்தான், "இந்தப் பையன் முட்டி உள்ள போகுது பாருங்க" என்று யாரோ ஓர் ஆஸ்திரியாக்காரனைத் திட்டுகிறாள். நேற்று சாப்பாட்டின் நடுவே, "தாண்டட்டும், ஆனா சரிவுலயே இறங்கச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே சம்மதம். இறங்கியதும் முதலில் உம்மாவுக்குப் போன் செய், பிறகு மற்றவர்களுக்கு. தடுமாறினால் டெலிமார்க்கை விட்டுவிட்டு இரண்டு காலையும் ஒன்றாக வைத்து இறங்கு, மார்க் போனால் போகட்டும். மற்ற பிள்ளைகளின் வாப்பாமார்கள் பிள்ளை தூரம் போக துஆ கேட்பார்கள், நான் ஒவ்வொரு தொழுகையிலும் நீ கடைசியாக வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது கபூலாகி அப்படியே நடந்துவிட்டால் கோபித்துக்கொள்ளாதே.

அல்லாஹ்வின் பாதுகாப்பில் உன்னை ஒப்படைத்து,
வாப்பா
அப்துல் காதர்