சால்வை போர்த்த மாட்டேன்

ராஜபாளையம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய பெலிக்ஸ் அவர்களுக்கு,

சமுத்திரம் எழுதிக்கொள்வது. மில் வாசலில் காலமெல்லாம் ‘ஏலே’ என்று கூப்பிட்டவன் இன்று ‘அவர்கள்’ போடுகிறேன். வரும் ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் எங்கள் கட்சியில் சேரப்போகிறீர்களாமே! கட்சிக்காரருக்குக் கட்சிக்காரர் மரியாதை வேண்டாமா?

என் வீட்டில் அழகுத்தாய்க்கு முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. அந்த வலியிலும் சிரிக்கிறாள். அண்ணனும் நம்ம பக்கம் வந்துட்டா இனி யாருகிட்டப் போய்க் கத்துவீங்க என்கிறாள்.

எங்கள் நகரச் செயலாளர் தனுஷ்கோடி வீட்டுக்கே வந்தார். கட்சியில் மூத்தவன் என்பதால் உனக்குச் சால்வை நான்தான் போர்த்த வேண்டுமாம். பெருசு, உங்க எதிரியவே தூக்கியாந்துட்டோம், இனி எதிர்த்துக் கேக்க ஊர்ல ஒருத்தன் கிடையாது என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நம் தெருக் குழாயை மறந்துவிட்டாயா? கட்சிக் கூட்டத்தில் நான் எழுந்தபோதெல்லாம் உட்காரச் சொன்னார்கள். நீ காலிக் குடங்களை அடுக்கித் தென்காசி ரோட்டை மறித்தாய். அந்தக் குடங்களைக் காட்டித்தான் உள்ளே என்னால் பேச முடிந்தது. தண்ணீரும் வந்தது. வெளியே நீ இல்லாவிட்டால் உள்ளே என் பேச்சு எடுபடுமா?

மில் ஓடினால்தான் கூலி என்பது என் கட்சி. வேலை நிரந்தரமானால்தான் மனுசன் என்பது உன் கட்சி. நாலாம் வகுப்போடு நின்ற நான் நூலகப் படியேறியதே உனக்குப் பதில் சொல்லத்தான். நீ சொன்னது தப்பு என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் நம்பித்தான் சொல்கிறாய் என்று நினைத்திருந்தேன். அதை எங்கள் கட்சி தருவதாகச் சொன்ன ஒரு வாரியப் பதவிக்குக் கொடுத்துவிட்டாயே!

அடுத்த மாதம் மில்லில் ஒப்பந்த ஆட்களை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகப் பேச்சு. எங்கள் கட்சி வாய் திறக்காது. உன் சங்கத்துப் பிள்ளைகள், பாண்டிசெல்வி முதற்கொண்டு, போக்கிடம் இல்லாமல் என் வாசலில் வந்து நிற்கிறார்கள். உன் ஆட்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

ஞாயிறு நீ வந்தால் நானும் முன்வரிசையில் இருப்பேன். சால்வை என் மடியில் கிடக்கும். கை தூக்க மாட்டேன். யார் சொன்னாலும் சரி.

வராமல் இருந்தால், கிறிஸ்துமஸ் அன்று வழக்கம்போல் உன் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது அந்தச் சால்வையை ஹெப்சிபாவிடம் தருகிறேன். மார்கழிக் குளிருக்கு நீயே போர்த்திக்கொள்.

எதிரே மட்டும் நில்லப்பா. ஓட்டு உனக்குப் போட மாட்டேன். நல்லா இரு.

என்றும் உன் எதிர்க்கட்சிக்காரன்,
சமுத்திரம்