ஆற்றங்கரையை வெட்டச் சொன்னவன்

அண்ணாச்சி,

காலையில் படிகாரக் கட்டியை நூலில் கட்டிக் குடத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். சேற்று வாடை மூக்கில் ஏறியது, உங்கள் நினைவும் கூடவே வந்துவிட்டது. பழைய கட்டி தேய்ந்து தேய்ந்து நக அளவுக்கு வந்து, நூலை விட்டு நழுவிப் போயிற்று. இது போன வாரம் பெக்கோக் கடைத்தெருவில் வாங்கிய புதுக் கட்டி. நாம் வந்த புதிதில் இந்தத் தோட்டத்தில் நாவிதரைத் தவிர யாரிடமும் படிகாரம் கிடையாது. இப்போது கூலிக்காரர் லயத்தில் அது இல்லாத வீடே இல்லை. கலக்கி, கால் மணி நேரம் காத்திருந்து, மேல் தண்ணீரை மட்டும் மொண்டு எடுக்க வேண்டும். நான் சலித்துப் போய்ச் சில நாள் அப்படியே குடித்துவிடுகிறேன். பல்லில் மண் நெறிபடுகிறது.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்து அத்தனை காலம் ஆகிவிட்டது. தோட்டத்தில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன், உங்களுக்கு மட்டும் ஒரு வரி எழுத முடியாமல் இருந்தேன். நேற்று நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் பழையதிலிருந்துதான் வர வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு முன்போல வேகமாக எழுத வராது.

ஐரோப்பாவில் சண்டை நடந்த காலத்தில் ஒரே கப்பலில் இந்த மலாய் நாட்டுக்கு வந்தோம். நான் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஆனேன், நீங்கள் களையெடுக்கும் ஆட்களுக்குக் கங்காணி ஆனீர்கள். ஊரில் நமக்குள் பழக்கம் இல்லை. ஒரே சபைக்காரர்கள் என்று தெரிந்ததும் கப்பலிலேயே நான் உங்களை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் வேலைக்காட்டில் மட்டும் என்னைக் 'கிராணியாரே' என்பீர்கள், வெளியே வந்ததும் தம்பி. போதகர் ஐயர் சிகாமட் டவுனிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் நமக்குக் கோயிலாக இருந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் வேதம் வாசிப்பது நான், ஜெபம் பண்ணுவது நீங்கள்.

உங்கள் ஜெபம்! வியாதிக்காரருக்காக, விதவைகளுக்காக, ஊரில் விட்டுவந்த பிள்ளைகளுக்காக என்று வரிசையாகப் போய், கடைசியில் "ஆத்துக்காகவும் கேக்குறோம் ஆண்டவரே" என்று முடிப்பீர்கள். பெண்கள் பக்கத்தில் யாராவது களுக்கென்று சிரிப்பார்கள். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஆற்றுக்கு என்ன காய்ச்சலா, தலைவலியா? ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"தம்பி, கீழ லயத்துல இருக்கறவன் யாரு? நமக்கு அயலான்தானே. மேட்டுல மண்ணச் சொரண்டி அவன் பானையில தள்ளிவிட்டுட்டு, அயலான நேசிக்கிறேன்னு ஞாயித்துக்கெழம சொன்னா யாரு நம்புவா?"

அந்தக் காலத்தில் களையெடுப்பு என்றால் துடைத்து எடுப்பது. ரப்பர்ப் பால் மரங்களுக்கு நடுவே ஒரு புல் பச்சையாகத் தெரிந்தாலும் துரைக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். லாலான் புல் வந்துவிட்டால் மரம் போச்சு என்பார். வெள்ளைக்காரன் வீட்டுக் கூடம் போலத் தரை மழமழவென்று இருக்க வேண்டும். மழை பெய்தால் அந்த மொட்டைச் சரிவில் இருந்து சிவப்பாக மண் வழிந்து ஆற்றில் இறங்கும். ஆற்றோரக் கிணற்றில்தான் மூன்று லயத்துக்கும் குடிதண்ணீர். இதைக் கண்ணால் பார்த்தது எல்லாரும்தான். பார்த்துவிட்டு துரையிடம் போய் நின்றது நீங்கள் ஒருவர்.

கிணற்றுக்கு மேலே ஆற்றங்கரை நெடுகப் பத்தடி அகலத்துக்குக் களையெடுக்காமல் விட வேண்டும் என்று கேட்டீர்கள். அங்கே பெரணி, கொடி, நீபோங் என்று மலாய்க்காரர் சொல்கிற முள்ளுப் பனை எல்லாம் அடர்ந்து கிடந்தது. அது மண்ணை நிறுத்தும் என்றீர்கள். துரை மூன்று தரம் விரட்டினார். நாலாவது தரம் தம் அரைகுறைத் தமிழில், "சரி, வச்சிக்கோ. ஆனா அது லாலான் வந்தா, ஆள் பூந்து கெடுத்தா, நான் எல்லாம் வெட்டும்" என்றார். ஒருவரும் கை வைக்க மாட்டார்கள் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு நாலு வருஷம், மாலை வேலை முடிந்ததும் அந்தப் பத்தடிக்குள் புகுந்து லாலானை மட்டும் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தீர்கள். கிணற்றுத் தண்ணீரில் அடித்தரை தெரிந்தது. சனங்கள் அதை உங்களால் என்று நினைக்கவில்லை, தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள்.

இனி என் பங்கு.

குருத்தோலை ஞாயிற்றுக்கு ஓலை கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. வழக்கமாகப் பக்கத்து மலாய்க் கம்பத்தில், அந்தக் கிராமத்துத் தலைவரான பெங்ஹூலுவிடம் ஒரு வாரம் முன்னால் சொல்லி வைப்போம். அவர் தம்முடைய தென்னையிலிருந்து கட்டிக் கொடுத்துவிடுவார். அந்த வருஷம் மறந்துவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம்தான் ஞாபகம் வந்தது. கம்பத்துக்குப் போய்வர நேரம் இல்லை. நீங்களும் இல்லை, வயிற்றுக்கடுப்போடு இருந்த ஒரு தொழிலாளியைக் கூட்டிக்கொண்டு சிகாமட் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீர்கள். பையன்கள் நாலைந்து பேர் என் முன்னால் நின்று, "என்னா செய்யலாம் கிராணியாரே, ஓலை இல்லாம எப்படிப் பவனி போறது?" என்றார்கள். கையை வீசிப் பவனி போகலாம் என்று சொல்லியிருக்கலாம். கர்த்தர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். நமக்குத்தான் ஓலை இல்லாத பவனி பவனியே இல்லையே.

"ஆத்தங்கரையில நீபோங் நிக்குதுல்ல, அதுல குருத்து வெட்டிக்கிட்டு வாங்க" என்றேன்.

நான் பனங்காட்டு ஊர்க்காரன். பனையில் ஏறிக் குருத்தோலை வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன். மரத்துக்கு ஒன்றும் ஆகாது. இங்கே அது இன்னும் உயராமல் தாழ்ந்து கிடக்கிற முள்ளுப் புதர் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு குருத்தை எடுக்கச் சுற்றிலும் இருந்த கொடியையும் பெரணியையும் பாராங்கத்தியால் வீசித் தள்ளி வழி பண்ணியிருக்கிறார்கள். குருத்தை அடியோடு வெட்டினால் அந்தத் தண்டு செத்தது. அறுபது பேர் கைக்கும் ஓலை வேண்டும் என்று கணக்குச் சொல்லி அனுப்பியவனும் நான்தான்.

மறுநாள் ஓசன்னா பாடிக்கொண்டு லயத்தைச் சுற்றி வந்தோம். சிகாமட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய நீங்கள் பாதையோரம் நின்றீர்கள். ஒரு பிள்ளை ஓடிவந்து உங்கள் கையிலும் ஒரு ஓலையைக் கொடுத்தது. நீங்கள் அதைத் திருப்பிப் பார்த்தீர்கள். தண்டில் இருந்த முள்ளைத் தடவினீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை விடிகாலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும் இடத்தில், துரை வந்து நின்றார். ஆற்றங்கரையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"யாரு வெட்டச் சொன்னான்?"

பெயர்ப் புத்தகம் என் கையில் இருந்தது. பையன்கள் தரையைப் பார்த்தார்கள். நான் சொல்லத்தான் போனேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பொய் அண்ணாச்சி. என் நாக்கு அசையவே இல்லை.

"நான்தான் துரை" என்றீர்கள்.

துரை உங்கள் கையில் இருந்த கங்காணிக் கம்பை வாங்கிக்கொண்டார். "நீ கேட்டு வச்சேன். நீயே வெட்டினா, எனக்கு எதுக்கு? எல்லாம் சுத்தம் பண்ணு" என்றார். அன்று மத்தியானத்துக்குள் ஆற்றங்கரை முழுக்க மொட்டை. அதைச் செய்த ஆட்களில் நீங்களும் ஒருவர், உங்களுக்குக் கீழே வேலை செய்த ஆளின் அதிகாரத்தில்.

சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கை கால் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

"ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீங்க?"

"உங்கள வெரட்டிட்டா இந்தச் சனங்களுக்குக் காயிதம் எழுத ஆளு ஏது? எனக்கு என்னா, எந்த வரிசையில நின்னாலும் மண்வெட்டிதான்." துண்டை உதறித் தோளில் போட்டீர்கள். "ஒண்ணு மட்டும் செய்ங்க தம்பி. தொரகிட்ட வேணாம். நம்ம சனங்ககிட்ட ஒரு ஞாயித்துக்கெழம சொல்லிடுங்க. காவ காத்தவனே வெட்டச் சொன்னான்னு நெனச்சிக்கிட்டாங்கன்னா, ஆத்தப் பத்தி இனிமே நான் வாயத் தொறக்க முடியாது."

சொல்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு ஈஸ்டர், அன்று வேண்டாம் என்று தள்ளினேன். அதற்கடுத்த ஞாயிறு ஐயர் வந்திருந்தார். அப்புறம் ஒருவருக்குக் கல்யாணம். அப்புறம் ஒரு காரணமும் தேவைப்படவில்லை.

நீங்கள் பயந்தது அப்படியே நடந்தது. சிகாமட்டுக்குக் கிளம்பும் முன்பே நீங்கள் வெட்டச் சொல்லிவைத்தீர்கள் என்று சனங்கள் நினைத்தார்கள், பையன்கள் ஆபீஸ் கிராணிக்குப் பயந்து உண்மையைச் சொல்லவில்லை. டிசம்பர் மழையில் கரை சரிந்து கிணற்றுக்குள் பாதி மண். லயத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மேட்டில் வரப்புப் போடலாம், மறுபடி செடி வைக்கலாம் என்று நீங்கள் வீடு வீடாகச் சொன்னீர்கள். "மொதல்ல வெட்டச் சொன்னது யாருங்க?" என்று உங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். நீங்கள் அடுத்த வீட்டுக்குப் போனீர்கள். ஞாயிற்றுக்கிழமை "ஆத்துக்காகவும்" என்று ஆரம்பிக்கும்போது சிரிப்பு வரவில்லை, ஆமெனும் வரவில்லை. ஆறு வருஷம் அப்படியே ஜெபம் பண்ணினீர்கள். எனக்கு அதைக் கேட்கக் கேட்கக் கோபம் வரும், விட்டுத் தொலைக்கக் கூடாதா என்று. அசதி உங்களுக்கு வர வேண்டியது, எனக்கு வந்தது.

பிறகு மலேரியாக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. உங்களை அடக்கம் பண்ணின அன்று நான்தான் பேசினேன். நல்ல போராட்டம் போராடினவர் என்றெல்லாம் பேசினேன். எல்லாரும் அழுதார்கள். அந்தப் பேச்சிலும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

நேற்றைய கதைக்கு வருகிறேன். கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. புதுத் துரை அதை என்னிடம் கொடுத்து, பெரட்டில் தமிழில் வாசிக்கச் சொன்னார். இனிமேல் சரிவிலும் ஆற்றோரத்திலும் தரையைச் சுரண்டக் கூடாது, லாலானை மட்டும் எடுத்துவிட்டு மற்ற செடிகொடியை விட்டுவைக்க வேண்டும், அதுதான் மண்ணை நிறுத்தும் என்று போட்டிருந்தது. இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மாற்ற எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாசகம் எல்லாம் நீங்கள் சொன்னதுதான். விலை விழுந்து களையெடுக்க ஆள் வைக்க முடியாததும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். எப்படியோ வந்தது.

வாசித்து முடித்ததும் களையெடுப்பு வரிசையிலிருந்து ஒரு கிழவர் சிரித்தார். "இத அந்தக் கங்காணி அப்பவே சொன்னாருங்க. அப்புறம் என்னா புத்தியோ, அவரே வெட்டச் சொல்லிட்டாரு."

"அவர் சொல்லல" என்றேன். "வெட்டச் சொன்னது நான். அவர் அன்னைக்கி சிகாமட்ல இருந்தாரு. குருத்தோலைக்கு நான்தான் ஆள் அனுப்பினேன். பழிய அவர் ஏத்துக்கிட்டாரு, நான் வாய மூடிக்கிட்டு நின்னேன்."

இடி விழும் என்று நினைத்தேன். ஒன்றும் விழவில்லை. அன்று வெட்டப் போன பையன்களில் ஒருவன் இப்போது பால் வெட்டும் வரிசையில் நிற்கிறான், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவன் மட்டும் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனான். கிழவர், "அலமாக், ஐயையோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

அங்கிருந்து நேரே உங்கள் வீட்டுக்குப் போனேன். மதினி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர்கள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு தம்பி" என்றார்கள்.

நான் வாசல் படியில் உட்கார்ந்தேன். அதற்குமேல் அவர்கள் பேசாமல் இருந்திருந்தால் நல்லது. பேசினார்கள், குரலில் கோபம்கூட இல்லை.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சட்டையப் போட்டுக்கிட்டு, 'இன்னைக்கித் தம்பி சொல்லிடுவாரு'ன்னு கெளம்புவாரு. கோயில்லேருந்து திரும்பி வர்றப்போ ஒண்ணும் பேச மாட்டாரு. நானும் கேக்க மாட்டேன். கடைசியாக் காய்ச்சல்ல படுத்தாரே, அன்னைக்கிச் சனிக்கெழம. அப்பவும் அந்தச் சட்டையத் தொவச்சி வைக்கச் சொன்னாரு."

ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அண்ணாச்சி. கொட்டகையில் நான் வேதம் வாசித்துக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்களே. நான் நன்றாக வாசிக்கிறேன் என்பதற்காகப் பார்க்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன்.