பித்தளைக்கு நடுவே ஒரு தேக்குப் பெட்டி

மல்டிமீட்டரின் பின்மூடியை இன்று காலை கழற்றினேன். உள்ளே பேட்டரி கசிந்து, தகடெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. புளித்த வாடை அடித்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுப் புதுப் பேட்டரி போட்டேன். முள் ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. கருவிகள் விஷயத்தில் நாம் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவுகளில் தொடக்கம் முதல் சரியாக இருந்தது இது ஒன்றுதான் என்று தோன்றியது. அதை உங்களிடம் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். நீங்கள் போய் இரண்டாவது மாசி ஆகிவிட்டது என்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

அமெச்சூர் வானொலி லைசென்ஸ் பரீட்சை எழுதத்தான் இருவரும் மதராஸுக்குப் போயிருந்தோம். மோர்ஸ் பரீட்சை முடிந்து வெளியே வந்து ஊர் பெயரை விசாரித்தால், நீங்கள் கொத்தமங்கலம், நான் கண்டரமாணிக்கம். நான் காரைக்குடியில் மின்சார அலுவலகத்தில் குமாஸ்தா. உங்களுக்குப் பெரிய வீடு, சின்ன வருமானம். பர்மாவில் இருந்த கடைகள் பர்மாவிலேயே இருந்துவிட்டன. அன்று ரயிலில் ஆரம்பித்த பேச்சு பிறகு நிற்கவே இல்லை. நீங்கள் என்னை அம்பலம் என்றீர்கள், நான் உங்களைச் செட்டியார் என்றேன். ஊர் வழக்கம் அப்படி. வானொலியில் பேசும்போது மட்டும் இருவருமே லைசென்ஸோடு தரப்படும் அழைப்புக்குறிதான்.

அந்த அழைப்புக்குறி உங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை நீங்கள் ஒரே ஒரு முறைதான் சொன்னீர்கள். லைசென்ஸ் தபாலில் வந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது. "அம்பலம், எனக்குப் பாட்டையா பேரு. மொதலெழுத்து அப்பச்சியோடது. வீட்டுக்கும் ஒரு பேரு, கோயிலுக்கும் ஒரு பேரு. எல்லாம் நான் பொறக்கு முன்னாடியே இருந்தது. நானாப் படிச்சு நானா வாங்குன பேரு இது ஒண்ணுதான்."

பேசவும் கேட்கவும் ஒரே கருவியாக டிரான்ஸீவர் கட்டுவதென்று முடிவானதும் பெரிய கேள்வி அதை எதைக்கொண்டு அளப்பது என்பதுதான். கட்டுவதற்கு வேண்டிய வால்வும் கண்டென்ஸரும் மூர் மார்க்கெட்டில் கூடை கூடையாகக் கிடைத்தன. அளக்கிற கருவிதான் யானை விலை. ஒரு கடையில் பழைய ஆஸிலாஸ்கோப்பை ஓடவிட்டுக் காட்டினார்கள். வட்டக் கண்ணாடியில் பச்சை அலை நெளிவதைப் பார்த்து நீங்கள் நின்ற நிலையை என்னால் மறக்க முடியவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டீர்கள். "இது ஒண்ணு இருந்தா எல்லாம் தெரிஞ்சிரும்" என்றீர்கள். "தெரிஞ்சப்புறம் சோத்துக்கு என்ன செய்வீக?" என்று கேட்டுக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

கடைசியில் ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக ஒன்று ஒன்றாகச் சேர்த்தோம். மல்டிமீட்டர், பினாங்கிலிருந்து வந்த உங்கள் பங்காளி ஒருவர் கொண்டுவந்தது. டிரான்ஸ்மிட்டரின் சக்தியை ஏரியலுக்கு அனுப்பாமல் சோதிக்க ஒரு குண்டு பல்பு. அது எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பதுதான் நமக்கு வாட் கணக்கு. எந்த அலைவரிசையில் பேசுகிறோம் என்று காட்டும் மீட்டரை மட்டும் எங்கேயும் மலிவாக வாங்க முடியவில்லை. அதை நாமே கட்டினோம்.

கட்டினது நல்ல கருவி. அதற்குப் போட்ட சட்டைதான் வினை. அலுமினியப் பெட்டிக்கு மதுரைக்கு ஆள் அனுப்ப வேண்டும். உங்கள் வீட்டிலோ பர்மாத் தேக்கு விறகாகக் கிடந்தது. ஆசாரி இழைத்து, மூலைக்கு மூலை பூவேலை வைத்துக் கொடுத்துவிட்டார். தேரைத் தூக்கி வருவதுபோல அதைக் காரைக்குடியில் என் அறைக்குத் தூக்கி வந்தீர்கள். மதராஸிலிருந்து பகலில் கேட்கும் சிற்றலை ஒலிபரப்பு ஒன்று, நாம் பேச ஒதுக்கிய அலைவரிசைப் பேண்டை ஒட்டியே இருந்தது. அதை என் ரிசீவரில் வைத்து, பெட்டியின் குமிழைத் திருப்பினால் விசில் சத்தம் கேட்கும். விசில் இறங்கி இறங்கி ஓய்ந்துபோகும் இடத்தில் இரண்டும் ஒரே அலைவரிசை. அந்த இடத்தில் கோடு போட்டோம். இப்படியே மற்ற நிலையங்களை வைத்து மற்ற கோடுகள். எல்லாம் துல்லியம். பிறகு பெட்டியைக் கொத்தமங்கலத்துக்குக் கொண்டுபோய், உங்கள் அறை மாடத்தில் வைத்து, அதைப் பார்த்து டிரான்ஸீவரைச் சரிசெய்தீர்கள்.

உங்கள் அறை என்றால் உங்கள் புள்ளிக்கு, அதாவது உங்கள் குடும்பத்துக்கு, உரிய அறை. கோட்டை மாதிரி வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை, அவ்வளவுதான் சொந்தம். அந்த அறையும் பாதிக்கு மேல் உங்கள் மனைவி ஆச்சியுடையது. அவருடைய அப்பச்சி கொடுத்த சீர்ச் சாமான் தரையிலிருந்து உத்தரம் வரை அடுக்கியிருந்தது. அண்டா, தவலை, குடம், தாம்பாளம், எல்லாம் பித்தளை. அதற்கு நடுவே ஒரு மேசை, ஒரு முக்காலி, நீங்கள். என் அறையில் இருந்த ஒரே பாத்திரம் மண்பானை.

ஆறேழு மாதம் சந்தோஷமாகப் பேசினீர்கள். பிறகு லைசென்ஸ் இலாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அமெச்சூர்களுக்கு ஒதுக்கிய பேண்டின் எல்லையைத் தாண்டி மேலே போய்ப் பேசுவதைக் கண்காணிப்பு நிலையம் பதிவு செய்திருக்கிறது, விளக்கம் தேவை, அதிகாரி நேரில் வந்து சோதிப்பார், அதுவரை பேசக்கூடாது, கருவி சரியில்லை என்றால் லைசென்ஸ் ரத்து. நீங்கள் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பேரப் புடுங்கப் போறாக அம்பலம்" என்றீர்கள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

உங்கள் டிரான்ஸீவரில் பேசுவதற்கும் கேட்பதற்கும் அலையை உண்டாக்குவது ஒரே ஆஸிலேட்டர். ஆகவே அனுப்புகிற பக்கம் தவறினால் கேட்கிற பக்கமும் கூடவே தவறும். பொய்யனுக்குப் பொய்யன் சாட்சி. தேக்குப் பெட்டியைத் தவிர வேறு நியாயம் கேட்க இடமில்லை. அதையே சந்தேகப்பட்டு என் அறைக்குத் தூக்கி வந்து பார்த்தோம். விசில் பழைய கோட்டிலேயே ஓய்ந்தது. திரும்ப உங்கள் அறைக்குக் கொண்டுபோய், என் ரிசீவரையும் கூட எடுத்துவந்து வைத்தால், அதே கோட்டில் விசில் கீச்சென்று கத்தியது. வால்வை மாற்றினோம். கண்டென்ஸரை மாற்றினோம். கொத்தமங்கலத்துக் கரண்ட் சரியில்லை என்று நீங்கள் என் இலாகாவையே திட்டினீர்கள். நான் கோபித்துக்கொண்டு மல்டிமீட்டரை வைத்துக் காட்டினேன். வோல்டேஜ் ஏறி இறங்கித்தான் கொண்டிருந்தது. என் கோபம் அசடு வழிந்தது.

அப்போதுதான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த தாம்பாளம் என் முழங்கை பட்டுச் சரிந்தது. விசிலின் சுருதி மாறியது. எடுத்து நிமிர்த்தி வைத்தேன். பழைய சுருதி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மரப் பெட்டிக்குள் இருக்கும் காயிலுக்கு, அதாவது கம்பிச்சுருளுக்கு, வெளியே இருக்கும் பித்தளை தெரிகிறது. மறைக்க நடுவில் உலோகத் தகடு இல்லை. ஆனால் கோளாறு முழுவதும் பாத்திரத்தாலா, பாதி கரண்டாலா? அதே பிளக், அதே ஏரியல், பாத்திரம் மட்டும் இல்லாமல் பார்த்தால்தான் தெரியும். வேறு அறை கிடையாது. வளவில், அதாவது நடு முற்றத்தில், பிளக் கிடையாது. "சாமானையெல்லாம் ஒரு ஒருமணி நேரம் வளவுல எடுத்து வைங்க" என்றேன்.

நீங்கள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தீர்கள். "ஒங்களுக்கு இந்த வீட்டுச் சங்கதி தெரியாது. ஒரு பொம்பளையோட சாமான் வளவுக்கு வந்துச்சுன்னா, ஒண்ணு அவ கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போறா. இல்ல, புருசன் விக்கிறான். மூணாவதா ஒரு அர்த்தம் கெடையாது. போன வருசம் மேலவீட்டுல வித்தாக. இன்னும் பேசி முடியல. லைசென்ஸ் போனாப் போகட்டும், அவளை நான் வளவுல நிறுத்த மாட்டேன்."

உங்களோடு வாதாடிப் பயனில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் சாத்திய கதவுக்கு வெளியே ஆச்சி காப்பியோடு நின்றிருந்தது நம் இருவருக்கும் தெரியாது.

மறுநாள் ஞாயிறு. விளக்கக் கடிதம் எழுத வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நான் வரும்போது வளவில் புளி கரைத்த அண்டாவும் குவியலாகச் சாம்பலும் இருந்தன. ஆச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். எதிரே அவர் மாமியார்.

"பொங்கலுக்கு இன்னும் எம்புட்டு நாளு கெடக்கு. இப்ப எதுக்கு இம்புட்டுச் சாமானையும் எறக்கப் போற?"

"பழம்புளி வண்டு வச்சுக் கெடக்கு. தூரப் போடுறதுக்குப் பதிலா சாமான வெளக்கிப்புட்டாப் பொழங்கலாம்ல?"

பத்துப் பன்னிரண்டு புள்ளியின் கண்களும் பார்த்துக்கொண்டிருந்தன. விளக்குவதற்கு எடுத்தால் யாரும் வாயைத் திறக்க முடியாது. அந்த மூன்றாவது அர்த்தம் உங்களுக்குத் தோன்றவே இல்லை, செட்டியாரே. எனக்கும்தான்.

"அண்ணே, அங்குட்டுப் போயி அந்தப் பொட்டியப் போடுங்க" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். போட்டேன். விசில் கத்தியது. ஆச்சி மாடத்திலிருந்து முதல் குடத்தை எடுத்தார். சுருதி ஒரு படி இறங்கியது. அவர் திடுக்கிட்டு நின்றுவிட்டார். "என்னண்ணே இது, கொடத்தத் தூக்குனா அழுகுது?"

"அழுகல ஆச்சி, எறங்கி வருது. அடுத்ததத் தூக்குங்க."

நீங்கள் முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். தவலை போனது, தாம்பாளங்கள் போயின. ஒவ்வொன்றுக்கும் விசில் இறங்கியது. கீச்சு முனகலானது, முனகல் உறுமலானது. ஆச்சி கடைசியாகப் பெட்டியை ஒட்டி இருந்த அண்டாவை இடுப்பில் வாங்கி வாசல் தாண்டினார். அறை நிசப்தமாயிற்று. குமிழ் பழைய கோட்டிலேயே இருந்தது. அந்தக் கரண்டிலேயே. கோளாறு முழுவதும் பாத்திரம்தான்.

அன்று முழுக்க ஆச்சி நிஜமாகவே அத்தனையும் விளக்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் அவர் விரல்களில் தோல் உரிந்திருந்தது. நீங்கள் அறையை விட்டு எழுந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, வளவில் எல்லார் பார்வையிலும் உட்கார்ந்து ஒரு குடத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தீர்கள். உங்கள் வீட்டில் ஓர் ஆம்பிளை அப்படி உட்கார்ந்ததில்லை. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். "அழுத்தித் தேய்க்காதீக, அடி சொட்டையாயிரும்" என்றார் ஆச்சி.

பிறகு மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் பெட்டிக்கு உள்ளே தகடாக வைத்து ஈயத்தால் பற்றவைத்தோம். கோடுகளைப் புதிதாகப் போட்டோம். பாத்திரங்கள் மாடத்துக்குத் திரும்பின, விசில் அசையவில்லை. அதிகாரி வந்தபோது தன் கருவியை வைத்துச் சரிபார்த்தார். தேக்குப் பெட்டியை விரலால் தட்டினார், டின் சத்தம் கேட்டது. "சட்டைக்குள்ள பனியனா?" என்று சிரித்தார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். அன்று சாயங்காலம் நீங்கள் வானில் உங்கள் அழைப்புக்குறியைச் சொன்னபோது காரைக்குடியில் என் ஹெட்போனில் அது கேட்டது. தேவையில்லாமல் மூன்று முறை சொன்னீர்கள். சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்கத்தான் என்றீர்கள், நானும் சரி என்றேன்.

பிறகு சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிறு தவறாமல் பேசினோம். உங்கள் நெஞ்சுவலியைப் பற்றி மட்டும் நீங்கள் வானிலும் சொல்லவில்லை, நேரிலும் சொல்லவில்லை. அதற்காக இன்னும் உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

காரியங்கள் முடிந்த பிறகு லைசென்ஸை இலாகாவுக்குத் திருப்பி அனுப்ப ஆச்சி என்னைக் கூப்பிட்டு விட்டார். கடிதத்தை எழுதி அவர் கையெழுத்துக்கு நீட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார். "அண்ணே, அவுக பேர வேற ஆளுக்குக் குடுத்துருவாகளா?"

சில வருஷம் போனால் கொடுத்தாலும் கொடுக்கலாம் என்றேன்.

"பரீச்ச எழுதிப் பாசானவுகளுக்குத்தானே குடுப்பாக?"

"ஆமா ஆச்சி."

"அப்பச் சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

நான் இப்போதும் ஞாயிறுதோறும் அந்த அலைவரிசையில் உட்கார்கிறேன். உங்கள் அழைப்புக்குறி எங்காவது கேட்கிறதா என்று கவனிக்கிறேன். வேறு யாரோ ஒருவர் குரலில் அது ஒருநாள் வரும். வந்தால் மனம் சங்கடப்படும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். இப்போது அப்படி இல்லை. அவருக்கு முதலில் என்ன சொல்வது என்பதைக்கூட முடிவு செய்துவிட்டேன். "நல்லாக் கேக்குது. பேண்டுக்குள்ளதான் இருக்கீக."