மடியில் வைத்த குடம்

அய்யா,

இன்று ஆண்டிபட்டிக் கணவாயில் மறுபடியும் நடுரோட்டில் நின்றேன். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ், ஏற்றத்தில் மூச்சுவாங்கி நின்றுவிட்டது. "எல்லாரும் எறங்கித் தள்ளுங்க" என்று கண்டக்டர் அதட்டினார். என்ஜினிலிருந்து ஆவியும் சூடான இரும்பு வாடையும் கிளம்பின. உடனே உங்கள் ஞாபகம் வந்தது. செத்து ஏழு வருஷம் ஆகியும் என்னை வெயிலில் நிறுத்தித்தான் நினைக்க வைக்கிறீர்கள்!

தனுஷ்கோடியில் கப்பலேறி, கொழும்பு பார்த்துத் திரும்பினோமே, நீங்களும் நானும் அத்தையும். காய்ச்சலில் கால் விளங்காமல் போன ஆத்தாதான் நம்மை விரட்டி அனுப்பினாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "கடலப் பாக்கத்தான் குடுத்து வைக்கல. அந்தத் தண்ணியில ஒருவாட்டி காலை நனைச்சாப் போதும்."

சரி, கடல் தண்ணீரை ஒரு பாட்டிலில் அடைத்து எடுத்து வரக்கூடாதா? பித்தளைக் குடத்தில் மொண்டு, வாயில் துணியைக் கட்டி, "தீர்த்தம், வீடு போற வரைக்கும் தரையில வைக்கக் கூடாது" என்று மடியில் ஏற்றிக்கொண்டீர்கள். ரயிலிலும் மடியில் குடம், மதுரையில் பிடித்த வாடகைக் காரிலும் மடியில் குடம். ஒற்றைக் கையால் இட்லி தின்று என் தாவணியில் சட்னியைக் கொட்டினீர்கள். "செத்த நேரம் நான் வச்சிருக்கேன், குடுங்கய்யா" என்றால், "ஒனக்குப் பொறுப்புப் பத்தாது தாயி" என்றீர்கள். எனக்கா பொறுப்புப் பத்தாது! கப்பல் முழுக்க வாந்தியெடுத்த அத்தைகூட, "பச்சப்புள்ளயக் கணக்கா வச்சிருக்கான் எந்தம்பி. ஸ்டேஷன்ல அங்கன நின்னவுக எல்லாம் சிரிச்சாக" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கணவாயில் கார் கொதித்து நின்றது; அத்தை பின் சீட்டில் அசந்து தூங்கினாள். "மொதலாளி, அந்தத் தண்ணிய ஊத்துனா ஆண்டிபட்டி போயிரலாம்" என்றார் டிரைவர்.

"இது எம் பொண்டாட்டி காலுக்கு. ஒன் வண்டிக்கில்ல."

டிரைவர் என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். உச்சிவெயிலில் டின்னோடு அரை மைல் தள்ளியிருந்த கிணற்றுக்குப் போனது யார்? பொறுப்புப் பத்தாதவள்தான்.

திரும்பி வந்தால், புளியமரத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். குடம் மடியில்தான் இருந்தது, கவிழ்ந்து. வேட்டி தொப்பலாக நனைந்திருந்தது. எழுப்பினேன். குடத்தை ஆட்டிப் பார்த்தீர்கள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, உங்கள் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"வண்டிக்கு ஊத்துனது போக மிச்சத்த இதுல ஊத்து தாயி. ஆத்தாகிட்ட மட்டும் சொல்லிராத."

ஆண்டிபட்டியில் உப்பு வாங்கிப் போட்டு, விரலால் தொட்டு நக்கி, "கடலு இன்னுங் கரிக்கும்" என்று மேலும் ஒரு பிடி போட்டீர்கள். அதற்கப்புறமும் குடத்தைத் தரையில் வைக்கவில்லை! நம் ஊர் காமயகவுண்டன்பட்டி வரைக்கும் மடியில்தான். கிணற்றுத் தண்ணீருக்கு எதற்கய்யா இந்த மரியாதை?

வீட்டில் அகலச் சட்டியில் ஊற்றி, ஆத்தாவின் கால்களை நீங்களே தூக்கி அதில் வைத்தீர்கள். "குளுகுளுன்னு இருக்குய்யா கடலு" என்றாள். முகமெல்லாம் சிரிப்பாக நீங்கள் குளிக்கப் போனீர்கள்.

இனிமேல்தான் உங்களுக்குத் தெரியாதது. நீங்கள் அவிழ்த்துப் போட்ட வேட்டியை ஆத்தா எடுத்துவரச் சொன்னாள். மடிப்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து விறைத்திருந்தது. கையால் தடவிப் பார்த்தாள்.

"குடமும் நெறஞ்சிருக்கு, வேட்டியிலயும் உப்புப் பூத்திருக்கு. கடலச் சிந்திட்டு வேற தண்ணி ஊத்திட்டாகளாக்கும்."

சட்டியிலிருந்ததைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் ஊற்றி, அந்த வேட்டியை அதில் முக்கச் சொன்னாள். காலை அதற்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "அய்யாகிட்டச் சொல்லிராத. மனசொடிஞ்சு போவாக" என்றாள்.

ஆளுக்கொரு 'சொல்லாதே'! நடுவில் நான். ஆத்தா அந்த வருஷம் தை மாதத்திலேயே போய்விட்டாள். நீங்களோ உங்கள் கடைசி நாள்வரை, "கிணத்துத் தண்ணியக் காட்டி ஏமாத்திட்டேனே" என்று என்னிடமே புலம்பினீர்கள். அவளுக்குக் கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னையா பொறுப்பில்லாதவள் என்றீர்கள்?

அவள் கால் கடலில்தான் நனைந்தது, அய்யா. இனிமேலாவது அந்தக் குடத்தைக் கீழே இறக்கி வையுங்கள்.