இரண்டாவது கேசட்

சேலம்
ஆடி, 1984

சௌந்திரம்,

தபாலில் போட்டால் உன் மாமனார் பிரித்துவிடுவார். அதனால் சேலை விற்க மோகனூர் வரும் இன்பமேரியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நேற்று உன் வீட்டுக்காரர் நம் சங்கத்து அறைக்கு வந்தார். நம் கல்லூரியில் பாடியவர்களின் பாட்டுகளை லாபம் பார்க்காமல் கேசட்டாக வெளியிடுகிறோம், அதில் நீ பாடியதும் வருகிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒருக்கா போடுங்க அம்மிணி, கேட்டுக்கறேன்."

கடைசிவரை நின்றபடியே கேட்டார்.

"எங்கூட்டுல ஒருநாளும் பாடுனதில்லீங்க" என்றார். பிறகு, "அழிச்சுருங்க" என்றார்.

அவர் கண்முன்னால் அழித்தேன்.

"வேற எங்கயாச்சும் இருக்குதுங்களா?"

இல்லை என்றேன்.

இருக்கிறது, இன்னொரு கேசட்டில். அந்தக் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டேன்; அவை இல்லாவிட்டால் பதிவுப் பொத்தான் அமுங்காது. இனி அவர் மறுபடி வந்து நின்றாலும், பயத்தில் என் கை அதை அழித்துவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. உன் பெயரைப் போட மாட்டேன். ஆனால் உன் குரல் இப்போது அவருக்குத் தெரியும்.

பதில் எழுதாதே. உன் பாட்டைச் சேர்க்க வேண்டாமென்றால், சேலை பிடிக்கவில்லை என்று இன்பமேரியிடம் சொல். சம்மதமென்றால் அந்தப் பாட்டின் முதல் வரியை அவளுக்குப் பாடிக் காட்டு. அடிக்குரலில் போதும்.

உனக்கு ஆர்மோனியம் வாசித்தவள்